சக்கரம் கட்டியவர்

கடிதத்தின் மேல் ஆள் பெயர் இல்லை. கடை முகவரிக்கு மேலே ‘சக்கரங்களைக் கட்டியவர் அவர்களுக்கு’ என்று மட்டும் இருந்தது. அதனால்தான் பிரித்தேன். கடைக்கு வரும் மற்றக் கடிதங்களை நான் தொடுவதில்லை. அவை கடைக்காரருக்கு வருபவை. கடைக்காரர் என் வீட்டுக்காரர். சக்கரம் கட்டுவது நான். அவர் வெளியே போயிருந்தார், தபால்காரர் கையில் கொடுத்தார், நான் கடை வாசலிலேயே நின்று படித்தேன்.

சைக்கிள் அருங்காட்சியகத்திலிருந்து வந்திருந்தது. சமீபத்தில் காலமான ஒருவருடைய வீட்டிலிருந்து அறுபது பழைய இங்கிலீஷ் சைக்கிள்கள் அவர்களுக்கு வந்திருக்கின்றனவாம். அதில் இருபத்திரண்டு வண்டிகளின் சக்கரங்கள் ஒரே கையால் பிரித்துக் கட்டப்பட்டவையாம். அந்தக் கை யாருடையது என்று இந்தப் பக்கத்துக் கடைகளுக்கெல்லாம் எழுதிக் கேட்கிறார்களாம். மிச்சமிருப்பதையும் அதே கை கட்ட வேண்டும், மூன்று வருஷத்து வேலை, நேரில் வந்து ஒரு சக்கரம் கட்டிக் காட்ட வேண்டும் என்று எழுதியிருந்தது. கடைசி வரியில், காட்சிக்கு வைக்கும் ஒவ்வொரு சைக்கிளுக்குப் பக்கத்திலும் ஓர் அட்டை இருக்கும், அதில் சக்கரம் கட்டியவர் பெயர் அச்சிடப்படும் என்றிருந்தது.

அந்தக் கடைசி வரியை எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். எனக்கு ஐம்பத்தொரு வயது. என் பெயர் இதுவரை அச்சில் வந்தது எங்கள் கல்யாண அழைப்பிதழில் மட்டும்தான். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பின்கட்டுக்குப் போய் உட்கார்ந்தேன், எழுந்தேன், மறுபடி உட்கார்ந்தேன்.

பின்கட்டு என்றால் கடைக்குப் பின்னால் இருக்கும் ஒற்றை அறை. ஜன்னல் உண்டு. அதைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர் தெரியும், கைநீட்டினால் தொடலாம். மேசை ஓரத்தில் ஒரு பழைய ஃபோர்க்கைத் தலைகீழாக இறுக்கி வைத்திருக்கிறேன். அதில் சக்கரத்தை மாட்டிச் சுற்றவிட்டு, ஆடும் இடத்தில் கம்பிகளை இறுக்கித் தளர்த்திக் கோட்டம் எடுப்பேன். சுவரில் ஆணி ஆணியாக ரிம்கள். டப்பாக்களில், கம்பியை ரிம்மோடு பிடித்து இறுக்கும் நிப்பிள்கள். அகலமான பழைய பிஸ்கட் பெட்டியில் நீளவாரியாகப் பிரித்த கம்பிகள். இருபத்தாறு வருஷமாக என் உலகம் இது.

கல்யாணமாகி வந்தபோது இந்த அறையில் வளைந்த சக்கரங்கள் குவிந்து கிடந்தன. என் வீட்டுக்காரர் பஞ்சர் ஒட்டுவார், செயின் போடுவார், பிரேக் பிடிக்க வைப்பார். சக்கரம் என்றால் மட்டும் கொட்டாவி வந்துவிடும். ‘நாளைக்கு வாங்க’ என்று சொல்லிச் சொல்லியே ஆட்களை விரட்டுவார். எனக்கு அந்தக் குவியலைப் பார்க்கவே பிடிக்கவில்லை. ஒரு நாள் ஒன்றைப் பிரித்தேன். மறுபடி கோக்கத் தெரியவில்லை. நல்ல சக்கரம் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்துப் பார்த்துக் கோத்தேன். நான்கு நாள் ஆயிற்று. ஐந்தாவது நாள் அது நேராகச் சுற்றியது.

எனக்கு இடது கைப் பழக்கம். பாதிக் கம்பிகளைக் கோத்ததும் நடுவில் இருக்கும் ஹப்பை ஒரு திருகு திருக வேண்டும். அப்போதுதான் கம்பிகள் சாயும், மீதிக் கம்பிகள் குறுக்கே ஓட வழி கிடைக்கும். எல்லோரும் வலப்பக்கம் திருகுவார்கள். நான் இடப்பக்கம் திருகினேன், கை அப்படித்தான் போயிற்று. அதனால் நான் கட்டும் சக்கரத்தில் வெளியே தெரியும் கம்பிகள் மற்றவர்கள் கட்டுவதற்கு எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கும். சுற்றும்போது யாருக்கும் தெரியாது. ஓடுவதில் ஒரு குறையும் இல்லை. நானும் மாற்றிக்கொள்ளவில்லை.

இங்கிலீஷ் வண்டிகள் பிறகுதான் வந்தன. அவற்றுக்குத் தனிக் கணக்கு. முன்சக்கரத்துக்கு முப்பத்திரண்டு கம்பி, பின்சக்கரத்துக்கு நாற்பது. இப்போது வரும் முப்பத்தாறு ஓட்டை ரிம்மைக் கொண்டுவந்து ‘இதப் போட்டு முடிச்சுக் குடுங்க’ என்பவர்களிடம் நான் உள்ளேயிருந்தே முடியாது என்று கத்துவேன். அந்த வண்டிகளில் பிரேக் கட்டை ரிம்மின் பக்கவாட்டில் பிடிக்காது, உள்வளையத்தில் கீழிருந்து ஏறிப் பிடிக்கும். அதனால் சக்கரம் இடம் வலம் ஆடாமல் இருந்தால் போதாது, மேலும் கீழும் தூக்கவே கூடாது. அரை மில்லி தூக்கினாலும் பிரேக் விட்டு விட்டுப் பிடிக்கும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டிய வேலை. எனக்கு அது பிடித்திருந்தது, வேறு எதுவும் அந்த அளவுக்குப் பிடித்ததில்லை என்று சொல்வதில் எனக்கு வெட்கம் கிடையாது.

அறுபது சைக்கிள் வைத்திருந்த அந்த ஆளை நாங்கள் பங்களாக்காரர் என்போம். பதினோரு வருஷமாக அவருடைய வண்டிகள் ஒவ்வொன்றாக எங்களிடம் வந்தன. அவர் கடை வாசலோடு நின்றுவிடுவார். என் வீட்டுக்காரர்தான் பேசுவார். பேச்சுக்கு அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. முதல் வருஷம் ‘நாங்க பண்ணித் தர்றோம் சார்’ என்றார். எனக்குக் கேட்டது. கொஞ்ச நாளில் ‘நாங்க’ தேய்ந்து ‘நான்’ ஆயிற்று. ‘நான் கையால தடவிப் பாத்தாலே சொல்லிடுவேன் சார்’ என்பார். நான் உள்ளே தடவிப் பார்த்துக்கொண்டிருப்பேன். அப்போது எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. வியாபாரத்துக்கு நாலு வார்த்தை கூடக்குறைய வரும் என்று விட்டுவிட்டேன். எங்கே வாயைத் திறக்க வேண்டுமோ அங்கே சும்மா இருந்துவிட்டு இப்போது புலம்புகிறேன்.

என் வீட்டுக்காரர் மத்தியானம் வந்தார். கடிதத்தை நீட்டினேன். அவர் படித்து முடிப்பதற்குள் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“பாத்தீங்களா? சக்கரம் கட்டியவருக்காம். என்னைக் கட்டினவருக்கு இல்ல, தெரியுதா?” என்றேன்.

அவரும் சிரித்தார். “அடேங்கப்பா! பெரிய இடம்டி இது” என்றார். கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அதற்குப் பிறகு நான் செய்ததுதான் என் வாழ்க்கையிலேயே பெரிய முட்டாள்தனம். “உங்களுக்குத்தான் பேச வரும், நீங்களே போன் போட்டு நாள் கேளுங்க” என்று அவரை முன்னால் அனுப்பினேன். எனக்கு அதிகாரிகளிடம் பேசினால் கோபம் மாதிரி வந்துவிடும். காரியம் கெட்டுவிடக் கூடாதே என்று பயந்தேன். கடைக்கும் பின்கட்டுக்கும் நடுவே வெறும் பலகைத் தட்டிதான். இந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

“வணக்கம் மேடம்... ஆமா மேடம், அந்தப் பங்களா வண்டிதான்... எல்லாம் எங்க கடையில பண்ணதுதான்.” சற்று நேரம் எதிர்ப்பக்கம் பேசியது. “யாரா? அது வந்து...” இன்னும் சற்று நேரம். பிறகு, “ஆமா மேடம். நான்தான்.”

நான் தட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் பேசி முடித்துவிட்டு வெகுநேரம் உள்ளே வரவில்லை. சாவிகளை எடுத்து வைக்கும் சத்தம் கேட்டது. ஒரு வாடிக்கையாளரிடம் தேவையில்லாமல் நலம் விசாரித்தார். நான்தான் வெளியே போனேன்.

“என்ன சொன்னீங்க போன்ல?”

“வாய் தவறி வந்துடுச்சும்மா. கட்டினது யாருன்னு கேட்டாங்க, அப்புறம் அவங்களே ‘நீங்கதானே மாஸ்டர்’னு கேட்டாங்க. ‘இல்ல, என் சம்சாரம்’னு சொல்ல வந்தேன், அதுக்குள்ள...”

“அதுக்குள்ள நாக்கு சுளுக்கிக்கிச்சா?”

“சத்தம் போடாத, ஆளுங்க இருக்காங்க.”

“இப்பவே மறுபடி போன் போடுங்க. நான் இல்ல, அவதான்னு சொல்லுங்க. ரெண்டு வார்த்தை.”

அவர் போன் போடவில்லை. என்னென்னவோ சொன்னார். இப்போது போய் மாற்றிச் சொன்னால் பொய்க்காரன் என்று இரண்டு பேரையும் விரட்டிவிடுவார்கள் என்றார். முதலில் உள்ளே நுழைந்துவிடலாம், வேலை கிடைத்த மறுநாளே தானே சொல்லிவிடுவதாகச் சொன்னார். யார் பேரில் இருந்தால் என்ன, நம்ம வீடுதானே என்றார். கட்டிக் கொடுத்த மகளுக்குப் போன் செய்து அவளிடமும் பேச வைத்தார். அவள், “அம்மா, நீ அங்க போய் நாலு பேர் முன்னாடி உக்காந்து பேசுவியாம்மா? அப்பாவுக்கு ஒரு பேர் கெடைச்சா உனக்கு சந்தோஷம் இல்லையா?” என்றாள். எனக்கு ஒரு பேர் கிடைத்தால் உனக்குச் சந்தோஷம் இல்லையா என்று கேட்க நினைத்தேன். போனை அவர் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

ஆனால் நான் ஒத்துக்கொண்டது அவர்கள் பேச்சைக் கேட்டு அல்ல. மறுநாள் காலையில் அவர் கண்ணாடி முன் நின்று, யாரும் இல்லையென்று நினைத்துக்கொண்டு, ‘மாஸ்டர்’ என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். அறுபதை நெருங்கும் மனுஷன். பஞ்சர் ஒட்டியே காலம் போனவர். அவரையும் யாரும் ஒரு நாளும் பெரிதாக மதித்ததில்லை. எனக்குப் பாவமாகப் போய்விட்டது. மறுநாளே சொல்லிவிடுவார் என்று நம்பினேன்.

நேரில் கட்டிக் காட்ட இரண்டு வாரம் இருந்தது. பின்கட்டில் என் ஸ்டூலை அவருக்குக் கொடுத்துவிட்டு நான் பக்கத்தில் நின்றுகொண்டு கற்றுக் கொடுத்தேன். முதல் சக்கரம் முடிந்ததும் காற்றடிக்கும் மவுத்து இரண்டு கம்பிகள் குறுக்கிடும் இடத்துக்கு நேர் கீழே வந்து நின்றது.

“இதுக்கு எப்படிங்க காத்தடிப்பாங்க? ஊதிவிடுவாங்களா?”

“நீ சொன்ன மாதிரிதான் எண்ணினேன்.”

“வாய்விட்டு எண்ணாதீங்க. மாஸ்டர் யாரும் எண்ண மாட்டான்.”

இரண்டாவது சக்கரத்தில் பின்ஹப்பை எடுத்து முன்ரிம்மில் கோக்க ஆரம்பித்து, எட்டுக் கம்பி மிச்சமாகி, ஓட்டை தேடி ரிம்மைச் சுற்றிச் சுற்றி வந்தார். மூன்றாவதில் மூன்று கம்பிக்கு மேலே போய் நான்காவதுக்குக் கீழே நுழைய வேண்டியது, எல்லாவற்றுக்கும் மேலேயே போய்விட்டது. அவருக்கு வலது கைப் பழக்கம். ஹப்பைத் திருகும் இடம் வரும்போதெல்லாம் வலப்பக்கமே போவார். நான் கையைத் தட்டிவிடுவேன்.

“எல்லாரும் இந்தப் பக்கம்தானே திருகுவாங்க?”

“எல்லாரும் திருகட்டும். இது நான் கட்டுற வீலு.”

எனக்கு வேறு மாதிரி சொல்லிக் கொடுக்கத் தெரியாது. வலப்பக்கம் திருகினால் அதற்கப்புறம் எந்தக் கம்பி எங்கே போகும் என்று எனக்கே தடுமாறும். அதனால் விடாமல் இடப்பக்கமே பழக்கினேன். பத்தாவது நாள் ஒரு பின்சக்கரத்தைத் தப்பில்லாமல் கோத்தார். கோட்டம் எடுக்க வரவில்லை, அது இரண்டு வாரத்தில் வரக்கூடியதும் அல்ல. கோத்துக் காட்டினால் போதும், கோட்டம் எடுக்க ஒரு நாள் பிடிக்கும் என்று சொல்லித் தப்பித்துவிடலாம் என்று முடிவு செய்தோம்.

அந்தப் பத்து நாளும் நான் சந்தோஷமாக இருந்தேன். இதைச் சொல்லத்தான் கசக்கிறது. இருபத்தாறு வருஷத்தில் அவர் இந்த அறையில் உட்கார்ந்ததே கிடையாது. இப்போது என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் என் உள்ளங்கையைத் திருப்பி, கம்பி இழுத்து இழுத்துக் காய்த்துப் போன இடத்தைத் தடவினார். “இத்தனை நாள் நான் கவனிக்கவே இல்ல பாரு” என்றார். நான் அதை நம்பினேன், அது பொய்யும் இல்லை.

அந்த நாள் வந்தது. நானும் கூடப் போனேன், சாமான் பையைத் தூக்கிக்கொண்டு. அருங்காட்சியகத்தில் ஒரு நீள நடை. துணைக்கு வந்தவர்கள் உட்கார அங்கே நாற்காலி போட்டிருந்தார்கள். ஒப்புக்குச் சப்பாணியாக நான் அதில் உட்கார்ந்தேன். கண்ணாடிக் கதவு வழியாக உள்ளே தெரிந்தது. பெரிய அறை, ஒரு பக்கம் முழுக்க ஜன்னல், மேசை எல்லாம் வெளிச்சம். காப்பாளர் ஒரு பெண். முப்பத்தைந்துக்குள்தான் இருக்கும், குட்டை முடி, கையில் வெள்ளைத் துணி உறை. எனக்கு அவளைப் பார்த்ததும் பிடித்துவிட்டது. இவளிடம் சொன்னால் புரியும், ஒரு பெண்ணுக்குப் புரியாமலா போகும் என்று நினைத்துக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர் கோக்க ஆரம்பித்தார். உதடு அசையாமல் எண்ணினார், எனக்கு மட்டும் தெரிந்தது. இருபது கம்பி முடிந்தது. ஹப்பைப் பிடித்தார். ஒரு விநாடி தயங்கி, இடப்பக்கம் திருகினார்.

காப்பாளர் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டாள். கதவு சரியாக மூடவில்லை, சத்தம் வெளியே வந்தது. “இதான்! இதுக்காகத்தான் காத்திட்டிருந்தோம்!” பக்கத்தில் இருந்த இரண்டு அதிகாரிகளிடம் விரலை நீட்டி நீட்டி விளக்கினாள். நாற்பத்து நான்கு சக்கரத்திலும் கம்பி தலைகீழாகச் சாய்ந்திருக்கிறது, இப்படிக் கட்டுகிறவர் லட்சத்தில் ஒருத்தர், இதுதான் அவருடைய கையெழுத்து. இதற்கு முன் இரண்டு பேர் வந்து ‘நான்தான் கட்டினேன்’ என்றார்களாம். இரண்டு பேரும் வலப்பக்கம் திருகினார்களாம். அங்கேயே எழுப்பி அனுப்பிவிட்டாளாம்.

நான் நாற்காலியில் உட்கார்ந்தபடி அதைக் கேட்டேன். ஊரார் மாதிரி வலப்பக்கம் திருகச் சொல்லிக் கொடுத்திருந்தால், ஏன், ஒன்றுமே சொல்லிக் கொடுக்காமல் விட்டிருந்தால்கூட, அவரையும் எழுப்பி அனுப்பியிருப்பாள். பிறகு, நிஜமாகக் கட்டியது யார் என்று தேடிக்கொண்டு எங்கள் பின்கட்டு வரைக்கும் அவளே வந்திருப்பாள். பத்து நாள் கையைத் தட்டித் தட்டி நானே அவருக்குச் சாட்சி தயார் பண்ணிக் கொடுத்திருக்கிறேன். சாமான் பையை மடியில் வைத்து இறுக்கிக்கொண்டேன். வெளியே வந்த என் வீட்டுக்காரர் முகத்தில் அப்படி ஒரு மகிழ்ச்சி.

வேலை கிடைத்தது. மறுநாள் அவர் சொல்லவில்லை. ‘முதல் நாளே எப்படிச் சொல்றது’ என்றார். அடுத்த வாரம், மேடம் ஊரில் இல்லை என்றார். அதற்கடுத்து, நல்ல நேரம் பார்த்துச் சொல்வதாகச் சொன்னார். நான் கேட்பதும் அவர் பூசி மெழுகுவதுமாக இரண்டரை மாதம் ஓடியது. பிறகு அவரே பேச்செடுத்தார். முகம் செத்துப் போயிருந்தது. சக்கரங்களைக் கட்டடத்தை விட்டு வெளியே கொண்டுவர விடுவதில்லை. இல்லையென்றால் என்றோ என்னிடம் கொண்டுவந்து தள்ளியிருப்பார். கோத்துக் கோத்துச் சுவரில் சாத்தி வைத்திருக்கிறாராம். கோட்டம் எடுக்கவில்லையா என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்களாம்.

“நாளைக்கு நீ வா. சொல்லிடலாம்.”

“யார் சொல்றது?”

“நான்தான் சொல்றேன். சத்தியமா.”

போனேன். இந்த முறை கண்ணாடிக் கதவுக்கு உள்ளே. அந்த வெளிச்சத்தில் நின்றபோது, இங்கே நான் அல்லவா இருக்க வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. நடுவில் ஒரு கறுப்புச் சைக்கிள், பங்களாக்காரருடையது. அதன் பின்சக்கரத்தைக் கட்ட எனக்கு ஒன்பது நாள் ஆயிற்று. துருப்பிடித்து ரிம்மோடு ஒட்டிப்போன நிப்பிள்களை மண்ணெண்ணெயில் ஊறவைத்து ஒவ்வொன்றாகக் கழற்றினேன். பக்கத்தில் அட்டை இருந்தது. ‘சக்கரம் கட்டியவர்’ என்று அச்சிட்டு, கீழே அவர் பெயர். மேசையில் புதிதாக அச்சாகி வந்த புத்தகக் கட்டு ஒன்று பாதி பிரித்த நிலையில் இருந்தது. அட்டைப்படத்தில் என் வீட்டுக்காரர் கையில் சக்கரத்தோடு சிரித்தார். இடப்பக்கம் திருகும் மாஸ்டரைத் தான் கண்டுபிடித்த கதையைக் காப்பாளர் எழுதியிருக்கிறாள்.

சுவர் ஓரத்தில் அவர் இந்த இரண்டரை மாதம் கோத்த சக்கரங்கள். ஒன்றைத் தூக்கிப் பார்த்தேன். என்னைவிட முப்பது வயது மூத்த ரிம், உள்ளே துருத் தின்று மெலிந்தது. கோட்டம் எடுப்பதாக நினைத்து ஒரே பக்கத்துக் கம்பிகளை இறுக்கோ இறுக்கென்று இறுக்கியிருக்கிறார். இரண்டு நிப்பிள்கள் ரிம்மைப் பிய்த்துக்கொண்டு வந்திருந்தன. இனி அதை யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

காப்பாளர் வந்தாள். “வாங்கம்மா. மாஸ்டரோட வீட்டம்மாவா?” என்றாள்.

நான் அவரைப் பார்த்தேன். அவர் தொண்டையைச் செருமினார். “மேடம், இவங்க... வந்து... இவங்களுக்கும் வேலை நல்லா தெரியும். எனக்கு முட்டி வலி வேற. அதான்...” என்று மென்று விழுங்கினார்.

எனக்குப் பொறுமை அறுந்துபோயிற்று. “அந்த நாப்பத்து நாலு வீலும் நான் கட்டினது. இவருக்குக் கட்டத் தெரியாது” என்றேன்.

காப்பாளர் சிரித்தாள், குழந்தை ஏதோ சொன்னதற்குச் சிரிப்பது மாதிரி. என்னை விட்டுவிட்டு அவரைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார்.

“கட்டிக் காட்டட்டுமா?” என்று கேட்டேன். பதிலுக்கு நிற்கவில்லை. மேசையில் இருந்த ஒரு நாற்பது ஓட்டை ரிம்மையும் ஹப்பையும் மடிக்கு இழுத்தேன். கம்பிகளை ஒரே பிடியாக எடுத்தேன். எண்ணவில்லை, குனிந்துகூடப் பார்க்கவில்லை, அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இருபது கம்பி. ஒரு திருகு. மறுபடி இருபது. மூன்றுக்கு மேலே, நான்காவதுக்குக் கீழே. என் வீட்டுக்காரர் அரை நாள் எடுத்துக்கொள்ளும் வேலை. அவள் கடிகாரத்தைப் பார்த்தாள், இருபத்தைந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. அதே சூட்டில் ஸ்டாண்டில் மாட்டிக் கோட்டம் எடுத்தேன். சக்கரம் அசையாமல் சுற்றியது. நிற்கிறதா சுற்றுகிறதா என்று தெரியாத அளவுக்குச் சுற்றியது.

அவள் வெள்ளை உறையைக் கழற்றிவிட்டு வெறும் விரலால் கம்பிகளைத் தொட்டாள். சாய்மானத்தைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஒரு நிமிஷம், சந்தேகமே இல்லாமல், அவளுக்குத் தெரிந்துவிட்டது. அடுத்து அவள் கண் மேசையில் இருந்த புத்தகக் கட்டுக்குப் போயிற்று. அதிலேயே கொஞ்ச நேரம் நின்றது. திரும்பி வந்தபோது முகம் மாறியிருந்தது.

“அப்படியே மாஸ்டரோட கை!” என்றாள். “அந்தத் தலைகீழ்ப் பழக்கம்கூட ஒட்டிக்கிச்சு பாருங்க. எவ்ளோ நல்லா சொல்லிக் குடுத்திருக்கீங்க சார்!”

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ‘இல்ல மேடம்’ என்றால்கூடப் போதும். மிச்சத்தை நான் பார்த்துக்கொள்வேன். அவரும் என்னைப் பார்த்தார். பாவமாகத்தான் பார்த்தார். பிறகு அவள் பக்கம் திரும்பி அசடு வழிந்தார்.

“அவ சீக்கிரம் புடிச்சுக்குவா மேடம்” என்றார்.

என்னை உதவியாளாகச் சேர்த்துக்கொள்ள அப்போதே ஏற்பாடு செய்தாள் காப்பாளர். இரண்டு பேரும் ஒன்றாக வந்து போகலாம், வசதிதானே என்றாள். நான் சக்கரத்தைத் தூக்கி எறிந்துவிட்டு வந்திருக்க வேண்டும் என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். கதவுவரைக்கும் போனேன். கட்ட வேண்டியவை இன்னும் எழுபதுக்கு மேல் இருந்தன. நான் போனால் அத்தனையும் அவர் கைக்குப் போகும், ஒவ்வொன்றாகப் பிய்த்து வைப்பார். அவர்கள் செய்ததற்கு அந்த ரிம்கள் என்ன பாவம் செய்தன. திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன்.

படிவம் கொண்டுவந்தார்கள். என் கை முழுக்க எண்ணெயாக இருந்ததால் அவரே நிரப்பினார். என்ன வேலை என்ற இடத்தில் ‘உதவியாள்’ என்று எழுதினார். தொழில் கற்றது யாரிடம் என்று ஒரு கேள்வி இருந்தது. அங்கே பேனா கொஞ்சம் நின்றது. பிறகு ‘கணவரிடம்’ என்று எழுதினார். முடித்துவிட்டுத் தாளை என் பக்கம் நகர்த்தினார்.

“பேரு சரியா எழுதியிருக்கேனா, பாரு” என்றார்.

பார்த்தேன். சரியாகத்தான் எழுதியிருந்தார்.